ராகுகாலத்தில் பறந்தோம்

போன மாதம் கிராண்ட் கன்யன் போய் வந்தோம். ரொறன்ரோவிலிருந்து காரிலேயே! நான், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி. அத்தான், அக்கா என்றுதான் இருவரையும் கூப்பிடுவேன்.

அந்தப் பள்ளத்தாக்கை எங்கே நின்று பார்ப்பது? அத்தான்தான் முடிவு செய்தார். கார் நிறுத்த இடம் இருக்கிறதா, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா... அவ்வளவுதான் அவர் கணக்கு. வெயில் எந்தப் பாறையில் விழுந்தால் அவருக்கென்ன? சரி, போகட்டும் என்று கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தோம்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை — மேலேயிருந்து பார்க்க வேண்டும். குட்டி விமானத்தில் ஏறி, தன் கையாலேயே படம் எடுக்க வேண்டும். வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் தெளிவாகச் சொன்னாள். நாளைக் காலை எட்டு மணி விமானத்தில் போங்கள், காற்று அடங்கியிருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு குலுக்கும், சில நாள் பறக்கவே மாட்டோம் என்றாள்.

அத்தான் விரல் மடித்தார்.

"நாளைக்குத் திங்கள். ஏழரையிலயிருந்து ஒன்பது ராகுகாலம். பின்னேரம் போவம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், இஞ்சை காலமை எட்டு மணியெண்டால் ஊரிலை இரவெல்லோ? ராகு எந்த மணிக்கூட்டைப் பாக்கிறார்?"

"உந்த விளையாட்டுக் கதை வேண்டாம். பிளேன் விழுந்தால் ஆர் பொறுப்பு?"

என் கணவர் தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசியது அக்காதான்.

"இவ்வளவு தூரம் வந்து, கக்கூசுக்குப் பக்கத்திலை நிண்டு பாத்திட்டுப் போக எனக்கு ஏலாது. நான் காலமை போறன்."

"நானும் வாறன் அக்கா!"

நம் வீடுகளில் நல்ல நேரம் பார்ப்பவர்கள் அது யாருக்கு நல்ல நேரம் என்று கேட்பதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா?

மறுநாள் பறந்தோம். அம்மாடி! காலுக்குக் கீழே இருந்த தரை சட்டென்று இல்லாமல் போனது. சிவப்பும் ஊதாவுமாகப் பாறைகள்... அடியில் நூல் மாதிரி ஆறு. அக்கா அழுதுகொண்டே படம் எடுத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதனாலென்ன?

பின்னேரம் காற்று எழும்பியது. அத்தானின் விமானம் ரத்து.

கடந்த சனிக்கிழமை அத்தானின் அப்பார்ட்மென்டில் ஸ்லைட் ஷோ. வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் அழைத்திருந்தார். அக்கா எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக விழ, அத்தான் விளக்கினார்.

"உது நாங்கள் மேலையிருந்து எடுத்தது. பிளேன் ஒரு பக்கமாச் சரிஞ்சது பாருங்கோ... நான் அசையேல்லை!"

எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பிறகு கேப்பம். இப்ப எல்லாருக்கும் தேத்தண்ணி போடுமன்" என்றார் அத்தான் அவரிடம்.

அக்கா எழுந்தார். நேரே வேட்டித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இவர் பிளேனிலை ஏறேல்லை. போனது நாங்கள் ரெண்டு பேரும். படத்தை நான் சொல்லுறன்... தேத்தண்ணியை இவர் போடுவார்."

அத்தான் போட்ட தேநீரில் சீனி கூடிப்போனது. நான் இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.