அழுக்குக் காசு கேட்ட செண்பகம் டீச்சர்

அன்று நான் பேச்சியிடம் ஒன்றைச் சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பியூன் வாசலில் நின்று என்னை மட்டும் வெளியே அழைத்தார். எங்கள் பள்ளியின் தையல் ஆசிரியை செண்பகம் மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டார். அவருடைய கணவரின் மூத்தாள் மகள் பேச்சி என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். மாதாமாதம் நான் உனக்குக் கொடுத்த காசுகள் என்னுடையவை அல்ல, உன் சித்தி தேடிக் கொண்டுவந்தவை என்று வழியெல்லாம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியவர் போய்விட்டார். அந்த வாக்கிலிருந்து என்னை யார் விடுவிப்பது என்று தெரியவில்லை.

செண்பகம் டீச்சரிடம் தையல் படித்தவர்கள் போடியில் பலர் இருக்கிறீர்கள். கோணல் தையலைப் பிரிக்கச் சொல்லும்போதுகூட அவர் குரல் உயர்ந்ததில்லை. "பிரிக்கிறதும் தையல்தான்டி" என்பார். அவர் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவருக்கு இரண்டாம் தாரமாக வந்தவர் அவர். கணவர் வாரம் ஒருமுறைதான் மலையிறங்குவார். மற்ற நாட்களில் வீட்டில் அவரும் பேச்சியும் மட்டும். பேச்சி அவரை அம்மா என்றும் அழைக்கவில்லை, சித்தி என்றும் அழைக்கவில்லை. எதிரில் போய் நின்று பேசினால் கூப்பிட வேண்டியதில்லை என்று அந்தக் குழந்தை கண்டுபிடித்திருந்தது.

பேச்சியின் தாய் ஒரு தகர டப்பாவில் பழைய காசுகள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்தின் முன் அவற்றைப் பரப்பி மஞ்சள் குங்குமம் வைப்பாராம். தாய் போன பிறகு டப்பா பேச்சியுடையது. அவள் அதைத் தினமும் திறந்து பார்ப்பாள்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது செண்பகம் டீச்சர் குத்துவிளக்கையும் செம்புகளையும் புளி போட்டுத் தேய்த்தார். அதே புளியில் டப்பாக் காசுகளையும் தேய்த்தார். பிள்ளை பார்த்துச் சந்தோஷப்படும் என்று நினைத்தாராம். நாள் கிழமைக்கு எதையும் கறுப்பாக வைக்கக் கூடாது என்று வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். காசிலிருந்த ராஜா தலையின் காது மடிப்பில்கூட அவள் அம்மா வைத்த குங்குமம் ஒரு துளி மிஞ்சவில்லை. சுளகில் காய்ந்த காசுகளைப் பேச்சி வந்து பார்த்தாள். அழவில்லை.

"இது எங்க அம்மா காசு இல்ல" என்றாள். டப்பாவை மூடியவள் பிறகு திறக்கவே இல்லை.

அதை அவள் மறுபடி திறக்க வேண்டும். அதன் பிறகு செண்பகம் டீச்சருக்கு வேறு எண்ணம் இல்லை. முதலில் அப்போதுதான் வந்திருந்த நயா பைசாக்களைப் பளபளவென்று வாங்கி வந்து கொடுத்தார். பேச்சி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகுதான் என்னிடம் வந்தார். பிள்ளைக்குக் கொடுக்கும் காசு அவளை ஏதாவது கேட்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கிடைத்த காசை என் மேசையில் வைத்து என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் கேட்காவிட்டால், "இது வேணாம்" என்று எடுத்துக்கொள்வார்.

ஓட்டைக் காலணாவைப் பார்த்ததும், நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டுவிட்டேன். அது தேறியது. எண்ணெய்க் கடையில் அவருக்காகக் கல்லாவையே கவிழ்த்துக் காட்டுவார்கள். கடைக்காரர் ஒருமுறை என்னிடமே சிரித்தார்.

"எல்லாரும் புதுக்காசு கேக்குறாக. இந்த டீச்சர் மட்டும் அழுக்குக் காசு இருக்கான்னு கேக்குறாக."

மலைக்குப் போய்வரும் ஜீப் டிரைவரிடம் சொல்லிவைத்துச் சங்கு போட்ட திருவாங்கூர்க் காசு ஒன்று வாங்கினார். எதையும் கழுவவில்லை. புடவையில்கூடத் துடைக்கவில்லை.

"நீ குடு தாயி. நான் குடுத்தா அதுவும் ஜன்னலுக்குத்தான் போகும்" என்றார். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்று அப்போதுதான் வாக்கு வாங்கினார்.

முதல் காசை வாங்கிக்கொண்டு போன அன்றே பேச்சி டப்பாவைத் திறந்தாள். மறுநாள் அதைச் சொல்ல வந்த செண்பகம் டீச்சர், கதவு மறைவில் நின்று பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பின் பேச்சி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சங்கு யாருடையது, ராஜா எங்கே போனார் என்று கேட்பாள், பதில் சொன்னால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியது அல்ல. ஒருநாள் செண்பகம் டீச்சரிடம் இதைச் சொன்னேன். "சிரிக்கிறாள்ல? அது போதும்" என்றார். அது அவருக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். மாலையில் வகுப்பு வாசலில் நின்று, அவள் இன்று என்ன கேட்டாள் என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார்.

கடைசியாகக் கொண்டுவந்த காசு தேய்ந்து உருத் தெரியாத ஒரு செப்புக்காசு. மேசையில் வைக்கும்போதே அவர் கை காய்ச்சலில் சுட்டது. இது கிடைத்த கதையை நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவரை மதுரைக்குத்தான் கொண்டுபோனார்கள்.

அவரை நினைத்தால் எனக்குத் தையல் வகுப்பு ஞாபகம் வருவதில்லை. எண்ணெய்க் கடை வாசலில், கல்லாவைக் கிளறும் விரல்களைப் பார்த்தபடி பொறுமையாக நிற்கும் முகம்தான் வருகிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதுதான்.

காரியம் முடிந்து பேச்சி பள்ளிக்கு வந்தாள். மாதம் பிறந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள்.

"இந்த மாசம் காசு இல்லையா டீச்சர்?"

அதற்கு மேல் என்னால் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. எண்ணெய்க் கடையையும் ஜீப் டிரைவரையும் சொன்னேன். கடைசிக் காசை எடுத்து அவள் முன் வைத்தேன். எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சித்தி இத எங்க வாங்குனாக?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. எங்கே என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை, நான் கொடுத்த காசுகளை எல்லாம் அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தாள். திருப்பித் தரத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சித்தி காசுக்கு வேற டப்பா வேணும் டீச்சர்" என்றாள்.

சாக்பீஸ் டப்பாவைக் காலி செய்து கொடுத்தேன்.