சூளைக்காரரும் பாம்புக்காதும்

பழைய பீங்கான் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக்கித் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சூளைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியையும் மருமகளையும் இழுக்காத குறையாக அழைத்துப் போனார்.

அவர் காலமெல்லாம் வெந்த சூளைக்குள் இப்போது மின்விளக்கு எரிந்தது. ஆட்கள் உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்களும் நில்லுங்க, ஒண்ணு எடுக்கறேன்" என்றாள் மருமகள்.

"என்னை அப்புறம் எடுக்கலாம். முதல்ல உன் அத்தையோட இடத்தைப் பாரு."

அடுத்த கூடத்தில் ஜன்னலை ஒட்டி நீண்ட மேசை. அதன்மேல் வெள்ளைக் கோப்பைகள், ஒரு மரக்குச்சி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் மனைவி வேலை பார்த்த இடம். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்லது, அடியில் அவள் முத்திரை விழும்; சத்தம் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே பாம்புக்காதுதான்.

"இங்கதான் அத்தையைப் பாத்து மயங்கினீங்களாக்கும்?" மருமகள் சீண்டினாள்.

"மயக்கமா? கொலைவெறி!" என்று சொல்லி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

சூளைப் பொறுப்பு அவர் கைக்குப் புதிதாக வந்திருந்த சமயம். ஓட்டல் ஒன்றுக்குப் போகவேண்டிய சரக்கு. அவசரம் என்று மேலாளர் நெருக்கியதில், சூடு தணியும் முன்பே கதவைத் திறந்துவிட்டார். கோப்பைகள் பார்வைக்குப் பளிங்குபோல இருந்தன. அவளோ தட்டித் தட்டி ஏறக்குறைய மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டாள். மேலாளரே வந்து நின்றார்.

"வண்டி வெளிய நிக்குதும்மா. அனுப்பிடலாம்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். "அனுப்புங்க சார். ஆனா என் முத்திரை அதுல விழாது."

சூளைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒதுக்கிய கோப்பை ஒன்றை வெடுக்கென்று எடுத்து, எல்லார் முன்னாலும் கொதிக்கும் டீயை ஊற்றினார். வாய்க்குப் போகும் முன்பே கோப்பை பிளந்து, டீ சட்டையில் வழிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஈரத்துணியோடு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். "கை சுட்டுடுச்சா?"

வண்டி காலியாகத் திரும்பியது. அவர் புதுக் கோப்பைகளை அடுக்கி மறுபடி சூளையை மூட்டினார். மேலாளர் எவ்வளவு நச்சரித்தும், ஆறும்வரை கதவுப்பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. அந்தச் சரக்கு அவள் மேசையில் மணிமணியாக ஒலித்தது. தாமதமானாலும் ஓட்டல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அவள் முத்திரை விழுந்த கோப்பைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கல்யாணப் பேச்சை அவர் எடுத்தபோது, "அவசரப்படாம யோசிச்சுச் சொல்றேன்" என்றாளாம்.

மேசையருகே நின்ற இளம் தம்பதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அம்மா, எங்களுக்கும் கொஞ்சம் தட்டிக் காட்டுங்களேன்!"

"நீங்களே தட்டுங்க. நான் கேக்கறேன்" என்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"நல்லது... இதுவும் நல்லது... இது ஆகாது."

கூட்டம் கூடிவிட்டது. ஒரு கோப்பைக்கு மட்டும் தயங்கினாள். "இன்னொரு தடவை தட்டுங்க. வயசாச்சு பாருங்க." தட்டினார்கள். "விரிசல் இருக்கு." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விளிம்பில் முடியளவு கீற்று தெரிந்தது. கைதட்டல் கூடத்தை நிறைத்தது.

சூளைக்காரர் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "என் சம்சாரம்! என் சூளையையே திருப்பி அனுப்பினவ!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போதும், மானத்தை வாங்காதீங்க" என்று அதட்டினாள் அவள். பிறகு முகம் கொள்ளாச் சிரிப்போடு மறுபடி முதுகைக் காட்டி நின்றாள். "ம், அடுத்ததைத் தட்டுங்க."