நோர்வேக்காரரின் கையெழுத்து

சீமோன் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை வாசிக்காமல் கீழே வைக்கமாட்டார். நூலக அட்டை எடுக்கப் போனவர் அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்து முடிக்கும்வரை வரிசை அசையாமல் நின்றதாம். அவர் குடியிருக்கும் வோபர்னில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நீட்டிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு, பாங்கொக்கில் ஒரு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் 1997இல் இலவச மென்பொருளில் போய்க் கைவைத்தார். அவரும் சினேகிதர் எட்வேட்டும் கணினியில் தமிழ் எழுதி அச்சடிக்க ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தார்கள். தேவாலயப் பங்குச் செய்திமடலுக்கு என்று தொடங்கிய வேலை. இப்போது கடைக்காரர்களும் அச்சகக்காரர்களும் கேட்டு நச்சரித்தார்கள்.

எழுதும் பகுதியை சீமோன் இணையத்தில் எடுத்தார். யாருக்குக் கொடுத்தாலும் மூலநிரலையும் சேர்த்துக் கொடு, புதிதாக ஒரு தடையும் போடாதே என்றது அதன் லைசன்ஸ். அச்சடிக்கும் பகுதியை எட்வேட் கொண்டுவந்தார். ஒரு நோர்வேக்காரர் எழுதியது. அதுவும் இலவசம்தான், ஆனால் வியாபாரிகள் தொடக்கூடாதாம். இரண்டையும் ஒன்றாக்கி வெளியே விட்டால், ஒன்றின் சொல்லைக் கேட்க மற்றதை மீறவேண்டும்.

"உது சரிவராது மச்சான்," என்றார் சீமோன்.

"கொஞ்சம் பொறு. நான் பாக்கிறன்," என்றார் எட்வேட்.

என்னத்தைப் பார்க்கிறான்? அந்த நேரத்திலிருந்து சீமோனின் மனம் அரிக்கத் தொடங்கியது. ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் எட்வேட் வீட்டுக்குப் போனார். எட்வேட் ஆங்கிலத்தில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டதும் திரையை அணைத்துவிட்டார். கேட்டால், "வந்தாப்பிறகு சொல்லுறன்" என்று சிரிப்பு வேறு. கம்பனி ஒன்றுக்கு விற்கப் போகிறான், சந்தேகமே இல்லை என்று சீமோன் முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் அதைக் கேட்டும் விட்டார்.

"ஆருக்கடா வித்தனி?"

எட்வேட் கோப்பியை வைத்துவிட்டு மனைவி கிளடிஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சீமோன் அதோடு விடவில்லை. எட்வேட் எதையும் மறைக்க முடியாதபடி நோர்வேக்காரருக்கே மின்னஞ்சல் போட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது.

'உங்கள் நண்பர் எட்வேட் போன மாதமே கேட்டுவிட்டார். என் பகுதியையும் மற்றதின் லைசன்ஸிலேயே விட நான் சம்மதித்துவிட்டேன். தன்னோடு வேலை செய்பவர் மின்னஞ்சலை நம்பமாட்டார், கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா?'

சீமோனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எட்வேட் வீட்டுக்குப் போன் எடுத்தார். கிளடிஸ்தான் எடுத்தாள்.

"எட்வேட் நிக்கிறானே, பிள்ளை?"

"நிக்கிறார். கதைக்கமாட்டாராம்."

"நோர்வேயில இருந்து ஒரு கடிதம்..."

"அது முந்தாநாள் வந்தது, சீமோன் அண்ணை. நேற்று உங்கட தபால் பெட்டிக்குள்ள போட்டிட்டு வந்தவர்."

"வாசல் மட்டும் வந்தவன், கதவைத் தட்டியிருக்கலாமே!"

கிளடிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அதைத்தான் கேட்டனான். தட்டினா, இப்ப என்னத்துக்கு வந்தனி எண்டு நீங்கள் யோசிப்பியளாம்."