கர்னல் வெட்டிய வான்கோழி

கர்னல் மெரிட் ஸ்டான்சில் ராணுவத்தில் குப்பை கொட்டியது இருபத்தாறு வருடம். அதில் இருபத்து மூன்றைத் தலைமையக நாற்காலிகளிலேயே தேய்த்துவிட்டு, பதவி உயர்வுக்கு ஒரு படிக்கல் வேண்டுமென்று எங்கள் கான்சாஸ் முகாமின் லாரிப் பட்டாளத்துக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். மார்பில் நான்கு வரிசைப் பதக்கப் பட்டைகள். "நம்ம கர்னல் பார்த்த ஒரே ரத்தம், ஷேவ் பண்றப்ப கன்னத்துல வந்ததுதான்" என்று பையன்கள் சிரிப்பார்கள். நான் சமையற்கூட சார்ஜென்ட். சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரித்தேன்.

களத்தில் அதிகாரி கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சிப்பாய்களுக்குப் போதாமல் போனால் அதிகாரி பட்டினி. ஸ்டான்சில் பயிற்சிக்கு வந்தால் ஜீப்பை விட்டே இறங்க மாட்டார். "முதல் தட்டை இங்க அனுப்புய்யா, முட்டை ஆறிடப் போவுது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லோரா கீஸ்லர் நெப்ராஸ்காப் பண்ணைக்காரப் பெண், லாரி ஓட்டும் கார்ப்பரல். வண்டி எடுக்குமுன் ஓட்டுநர் ஒரு தாளில் குறை எழுத வேண்டும். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் அந்த வண்டி நகரக் கூடாது. அக்டோபரில் ஒருநாள் பிரேக் சரியில்லை என்று லோரா சிவப்புக் குறி போட்டாள். அன்று மேலிடத்துக்கு "எல்லா லாரியும் தயார்" என்று அறிக்கை போக வேண்டியிருந்தது. ஸ்டான்சில் அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லி, புதுத் தாள் வைத்து, "எடும்மா வண்டிய, இது உத்தரவு" என்றார். ஆற்றுப் பாலத்துச் சரிவில் லாரி கவிழ்ந்தது. லோராவுக்குக் கால் எலும்பு இரண்டாக முறிந்தது.

விசாரணையில் அந்தப் புண்ணியவான் சொன்னது: "அதிவேகம். பொண்ணு விளையாட்டுத்தனமா ஓட்டியிருக்கா." லோராவின் கார்ப்பரல் பட்டையைப் பறித்துப் பட்டாளத்தை விட்டே அனுப்புவதாகப் பேச்சு. முடிவு திங்கட்கிழமை. ஊன்றுகோலோடு என் அடுப்படிக்கு வந்து, "இத விட்டா எனக்கு வேற வேலை தெரியாது சார்ஜென்ட்" என்று அழுதாள். சாட்சிக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

அந்தத் திங்களுக்கு முந்தின வியாழன் தேங்க்ஸ்கிவிங், ஊரெல்லாம் வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாள். அன்று அதிகாரிகள் முழு உடுப்பில் சிப்பாய்களுக்குப் பரிமாற வேண்டும். ஸ்டான்சில் கத்தியோடு வான்கோழிக்குப் பின்னால். பக்கத்தில் உருளைக்கிழங்குக் கரண்டியோடு அவருடைய எழுத்து வேலைக்கார லெப்டினன்ட் பைரன் டாகெட். கூடத்தில் ஜெனரலும் இருந்தார்.

வரிசை வந்தது. முதல் பையன் கிழங்கு வாங்கினான், பட்டாணி வாங்கினான், வான்கோழியை மட்டும் தாண்டிப் போனான். அடுத்தவனும் அப்படியே. நூற்றுப் பத்துப் பேர், ஒருவரும் தட்டை நீட்டவில்லை. நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. ஸ்டான்சிலின் கழுத்து சிவந்தது.

ஜெனரல் கடைசிப் பையனை நிறுத்தினார். "ஏன்ப்பா, கறி வேகலையா?"

"வெந்திருக்கும் சார். வெட்டுற கை சரியில்ல."

"அதிகப்பிரசங்கி!" என்று ஸ்டான்சில் கத்தியை ஓங்கியபடியே சீறினார்.

டாகெட் கரண்டியைக் கீழே வைத்தான். "சார்," என்றான் ஜெனரலிடம், "கீஸ்லர் சிவப்புக் குறி போட்டிருந்தா. அந்தத் தாளக் கிழிச்சது நான். கிழிக்கச் சொன்னது இவரு."

ஜெனரல், "ரெண்டு பேரும் நாளைக்குக் காலைல என் ஆபீஸ்ல" என்றார்.

லோராவின் பட்டை பிழைத்தது. டாகெட்டுக்குக் கண்டனம். ஸ்டான்சிலை என்ன செய்தார்கள்? பெரிய இடத்து வழக்கப்படி சத்தமில்லாமல் ஓய்வு கொடுத்தார்கள். பேண்டு வாத்தியம், இன்னொரு பதக்கம், முழு ஓய்வூதியம். தூ!

வழியனுப்பு மேடையில் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் சிப்பாய்கள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட்டேன்" என்றார்.

என் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்ற லோரா சொன்னாள்: "ஒரு நாள் அது நெசம்தான் சார்ஜென்ட். முழு வான்கோழியும் மிச்சம் இருந்துச்சே."