அடிக்குரலுக்கு விட்ட இடம்

கயிறு வருவதற்கு முன்பே ஆம்ப்ரோஸ் ரைட்அவுட்டின் கை மேலே போய்விடும். பனிமூட்டத்தில் படகு தெரியாது. இயந்திர ஓசை மட்டும் வரும். தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்பார், கையை நீட்டுவார், அந்த வெள்ளைக்குள்ளிருந்து கயிறு வந்து உள்ளங்கையில் விழும். இரும்புக் கட்டையில் அதை மாட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வார். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், எங்கள் ஊர்ப் படகுத்துறையில் முப்பத்தொரு வருடமாக இதுதான் அவர் வேலை.

வயது அறுபத்திரண்டு. கம்பளித் தொப்பியை மாதா கோயிலில் மட்டும் கழற்றுவார். தேநீருக்கு டின் பால்தான், நான்கு கரண்டி சர்க்கரை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் 'கண்ணு'தான். துறையில் ஏறி இறங்கும் பெண்கள் எல்லாருமே கண்ணுதான்.

கோயிலில் ஆர்கன் வாசிப்பவள் நான். பாடகர் குழுவில் அடிக்குரல், நான்கு குரல்களில் மிகத் தாழ்ந்தது, அவருடையது. அந்த வரிசையில் இப்போது அவர் ஒருவர்தான். இசைக்குறி ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது.

ஏப்ரலில் ஒரு நாள் கோயிலில், ஆர்கன் அருகே வந்து நின்றார். "கண்ணு, இப்ப நீ வாசிச்சியா?"

இல்லை என்றேன்.

"அப்ப பாடுறது யாரு?"

பாட்டு அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. நகரத்து மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில், இடது காதுக்கு மேலே, கட்டி. அறுக்க முடியாத இடம். கிறிஸ்துமஸ் பார்ப்பது கடினம் என்றார் டாக்டர். பாட்டும் கட்டியின் வேலைதான் என்றார்.

"கட்டிதான் பாடுதாம்" என்று துறையில் எல்லாரிடமும் சொன்னார் ஆம்ப்ரோஸ். "இருக்கட்டும். அதுக்கு சங்கீதம் சொல்லிக் குடுத்தது யாருன்னு கேட்டேன். டாக்டர் கடிகாரத்தப் பாக்குறாரு."

மூன்று ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், காதில் கேட்டதை எனக்கு முனகிக் காட்டினார். வாரத்துக்கு ஒன்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ராகங்கள். எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் விளையாட்டாக மூன்றையும் சேர்த்து வாசித்தேன். எங்கும் இடிக்கவில்லை. ஒரே பாட்டின் மேல் மூன்று குரல்கள்; நான்காவது மட்டும் இல்லை. நான் அறிந்த எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் அது இல்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

"அடிக்குரல் எங்கே ஆம்ப்ரோஸ்?"

"அதுக்கு ஆள் இங்கேருந்துதானே வரணும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "பயமில்லைன்னு நினைச்சிராத. காலைல பொத்தான் போடுறப்ப கை நடுங்குது. 'கர்த்தரே, இது உம்ம கைதான், நீரே போட்டுவிடும்'னு சொல்லிட்டு நிப்பேன். நடுக்கம் நின்னதும் போடுவேன்."

அந்தப் பாட்டே ஒரு சின்ன வலிப்புதான், மாத்திரை போட்டால் நிற்கும் என்றது மருத்துவமனை. இரண்டு நாள் மாத்திரையை அலமாரியிலேயே வைத்திருந்தார். அவர் மனைவி அல்மா அதை மேசைமேல் தட்டி வைத்தாள்.

"அந்தப் பாட்டு பெருசா, நான் பெருசா? துறையில வலிப்பு வந்து தண்ணில விழுந்தா, பாட்டா வந்து தூக்கும்?"

"நீதான் பெருசு" என்று சொல்லி மாத்திரையை அப்போதே விழுங்கினார்.

நான்காம் நாள் பாட்டு நின்றது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காலி வீடு மாதிரி இருக்கு."

"பாடினவங்க போயிட்டாங்களா?"

"கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா கண்ணு? அம்பது வருஷமா ஜெபம் பண்றேன். ஒரு நாளாவது பதில் காதுல விழுந்திருக்கா?"

போன ஞாயிறு கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஆர்கன் மேலுள்ள கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். காலியான தன் வரிசையில், ஒருவருக்கு இடம் விட்டதுபோல் ஓரடி தள்ளி நின்றார். பாட்டுப் புத்தகத்தை வலப்பக்கமாக, இன்னொருவர் பார்வைக்கும் எட்டும்படி பிடித்துக்கொண்டார். பக்கம் முடிந்தது. உடனே திருப்பவில்லை. பக்கத்தில் ஒருவர் தோள் இருக்கும் உயரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு தலையசைத்துவிட்டு, மெதுவாகத் திருப்பினார்.