இனிஷியலில் மாட்டிய பேராசிரியர்

1. "யார்யா அந்த முனுசாமி?"

போனை ஸ்பீக்கரில் போட்டது எங்கள் மேனேஜர் பாஸ்கர் சாரின் தப்பு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"யார்யா அந்த முனுசாமி? ஒரு ப்ரொஃபசர்கிட்ட கேக்கற கேள்வியா இது? அவனைத் தூக்கலைன்னா உங்க கிளையன்ட்டுக்கே நேரா எழுதுவேன்!"

முனுசாமி என் அப்பா. நான் சேகர். செங்கல்பட்டு பைபாஸ் ஓரம், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குக் கட்டுரைகளைத் திருத்தி, பக்கம் கட்டி, அச்சாகும் முன் கட்டுரையாளர் சரிபார்க்கப் புரூஃப் அனுப்புவது தொழில். அதில் நான் சீனியர் காப்பி எடிட்டர். மு. சேகர் என்பதை எங்கள் கிளையன்ட்டான லண்டன்காரர்கள் விரித்து எழுதியதில் அப்பா பேர் சர்நேம் ஆகிவிட்டது. எனக்கு வரும் மெயிலெல்லாம் "டியர் முனுசாமி"தான். திட்டு வரும்போது மட்டும் இது சௌகரியம். ஒரு நொடி யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும்.

அன்று அந்த ஒரு நொடியும் கிடைக்கவில்லை. எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்தேன். பாட்டில் மூடியைத் திறக்காமலே தண்ணீர் குடித்தேன். பக்கத்து சீட்டில் பக்கம் கட்டும் டில்லிபாபு திரும்பினான்.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாராகீது?"

"வேலை போவப் போகுதுடா."

"உன்னுதா? அவரு முனுசாமியதான தூக்கச் சொல்லிகினு கீறாரு. நீ ஜாலியா இரு."

2. நண்டு விற்பனை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகும் முன் அந்தத் துறை தெரிந்த வேறொருவர் படித்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். பீர் ரிவ்யூ என்று பெயர். இந்த மொத்த வியாபாரத்தின் மானமும் 'வேறொருவர்' என்ற ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. அந்த வேறொருவர் யாராக இருக்கலாம் என்று பல இதழ்கள் கட்டுரை எழுதியவரையே கேட்கும். பேரும் மெயில் ஐடியும் அவரே கொடுப்பார். பரீட்சை எழுதுகிறவனிடம் போய், "பேப்பர் திருத்த யாரைப் போடலாம் தம்பி?" என்று கேட்பதுதான். கோட்டு போட்டுக்கொண்டு கேட்டால் அது நடைமுறை.

போனில் கத்தியவர் எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர். பெயர் கன்னியப்பன், அவர் அப்பா ஏழுமலை. கட்டுரையில் 'கன்னியப்பன் ஏழுமலை' என்று போட்டிருந்தார். முட்டுக்காட்டு உப்பங்கழி நண்டின் ஓட்டைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் ஈயம் நீங்கி, தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யார் குடித்துப் பார்த்தார்கள் என்ற விவரம் இல்லை. ஓட்டைக் குறிக்கும் 'ஷெல்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஹெச் விட்டுப்போய், எல்லா இடத்திலும் 'செல்', அதாவது விற்பது, என்று ஆகியிருந்தது. கட்டுரை முழுக்க நண்டு விற்பனை.

அந்த இதழில் ஒரு நல்ல பழக்கம், ரிவ்யூவரின் பேரையும் கருத்தையும் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவார்கள். திருத்திக்கொண்டே அங்கே வந்தேன். "கட்டுரையாளரின் ஆழ்ந்த அறிவு வியக்க வைக்கிறது. நண்டு விற்பனை பற்றிய பகுதி உலகத் தரம். திருத்தம் எதுவும் தேவையில்லை." இங்கேயும் அதே 'செல்'. கீழே ரிவ்யூவர் பேர்: ஏழுமலை கன்னியப்பன்.

டில்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, நைனாவே புள்ள பேப்பரைத் திருத்திட்டாரா?"

"நைனாவா இருந்தா அவரு பேரோட அவங்க அப்பா பேருதானே வரும்? இது ஒரே ஆளுடா. ஒருக்கா அப்பா பேரு பின்னாடி, ஒருக்கா முன்னாடி."

கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர். லண்டனுக்கும் இரண்டு பேர். இனிஷியலோடு பள்ளிக்கூடம் போனவனுக்கு மட்டும் ஒருத்தர்.

3. ஸ்கோப்

பாஸ்கர் சாரிடம் சொன்னேன். லண்டனுக்கு எதுவும் அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

"சேகர், இது நம்ம ஸ்கோப் கிடையாது."

"சார், அவரே எழுதி அவரே பாஸ் போட்டுக்கிட்டிருக்கார்."

"யார் எழுதினா என்னய்யா? கமா ஒழுங்கா இருக்கா பாரு."

கமா தப்பாக இருந்தால் எங்கள் ஸ்கோப். ஆளே தப்பாக இருந்தால் ஸ்கோப்புக்கு வெளியே. இதை ஒரு மனிதர் டை கட்டிக்கொண்டு சொல்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் ஆத்தர் குவெரி என்று ஒன்று எங்கள் ஸ்கோப்பில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் புரூஃபின் ஓரத்தில் எழுதி, கட்டுரையாளரையே கேட்கலாம். கேட்டேன், ரொம்ப மரியாதையாக: "தங்கள் பெயர் முதல் பக்கத்தில் ஒரு விதமாகவும் கடைசிப் பக்கத்தில் வேறு விதமாகவும் உள்ளது. இரண்டும் தாங்கள்தானா? எது சரி?"

புரூஃபைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் இருப்பது ரிவ்யூவர் பேர் என்று பார்த்திருந்தால் தப்பித்திருப்பார். திறந்து பார்ப்பது பேராசிரியர்களின் ஸ்கோப்பில் இல்லை போலிருக்கிறது. உடனே பதில் வந்தது: "இரண்டும் நான்தான். இரண்டு இடத்திலும் டாக்டர் பட்டம் விடுபட்டுள்ளது. சேர்க்கவும்."

குவெரிக்கு வரும் பதில் சிஸ்டம் வழியாக லண்டனில் இருக்கும் இதழ் ஆசிரியருக்கும் தானாகப் போய்விடும். அது அவருக்கு உறைத்த பிறகு வந்ததுதான் அந்த போன்.

பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு, "லண்டன்லருந்து ஒரு வார்த்தை கோவமா வந்துச்சுன்னா, ஐடி கார்டைக் கழட்டி டேபிள்ல வெச்சுட்டுப் போயிடு" என்றார். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கார்டு இல்லை. டிபன் சாப்பிடும்போது கழற்றி டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தேன். சாம்பார் வாசனையோடுதான் ராஜினாமா செய்திருக்க முடியும்.

4. மலைமேல் சிக்னல்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவி கற்பகத்தைக் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலையேறினேன். பத்துப் படிக்கு ஒரு தரம் போனில் மெயிலைப் பார்த்தேன்.

"சாமி கும்பிட வந்தியா, சிக்னல் கும்பிட வந்தியா?" என்றாள்.

"லண்டன்லருந்து மெயில் வரணும்டி."

"இங்க தெனம் சோறு துன்ன வந்த கழுகே வர்றது நின்னுபோச்சு. உனக்கு மெயில் வந்துகினு கீதா?"

"வேலை போயிட்டா இன்னா பண்றது?"

"நீ தப்பா எதனா கேட்டியா?"

"இல்ல."

"அப்ப கேட்டது கேட்டதுதான். நடுப்படியில நிக்காத, பின்னாடி ஜனம் வருது."

5. எந்த உங்களை?

திங்கட்கிழமை பேராசிரியர் நேரிலேயே வந்தார். பின்னால் டிரைவர், அவர் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பேனாவும் புரூஃபுமாகப் போய் நின்றேன்.

"தம்பி, ஒண்ணும் பெருசா இல்ல" என்றார் பேராசிரியர். "அந்தக் குவெரி தப்பா வந்துடுச்சு, டைப்பிங் மிஸ்டேக்குன்னு லண்டனுக்கு ஒரு லைன் போட்டுடு. முடிஞ்சது."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். அந்த ஒரு லைனைப் போட்டால் என் நாற்காலி எனக்கே. நான் அதைப் போடத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் எனக்கு எப்போதும் தொழில் பேச்சுதான் வரும்.

"போட்டுடறேன் சார். ஆனா மிஸ்டேக்னு சொன்னா எந்த இடத்துலன்னு காட்டணும். ரெண்டுல ஒரு பேரை எடுக்கணும்."

"எடு. அதுக்கென்ன?"

"ரிவ்யூவரை எடுத்தா கட்டுரையை யாரும் படிக்கலைன்னு ஆயிடும். ஆத்தரை எடுத்தா கட்டுரையை யாரும் எழுதலைன்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க சார், எந்த உங்களை எடுக்கட்டும்?"

நான் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு அவருக்கும் வரவில்லை. எழுந்து போனார். ஸ்வீட் பாக்ஸும் டிரைவரோடு இறங்கிப் போனது. டில்லி ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் லண்டன் மெயில் வந்தது. கட்டுரையை நிறுத்திவிட்டார்கள், அவருடைய பழைய கட்டுரைகளையும் தோண்டப் போகிறார்களாம், டியர் முனுசாமிக்கு நன்றி. பாஸ்கர் சார் அதை மேலிடத்துக்கு அனுப்பினார், "என் டீமுக்கு நான் கொடுத்த பயிற்சி" என்ற வரியோடு.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே பேர் விஷயமா குவெரி போடறதுன்னா என்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் போடணும்" என்றார்.

"சரி சார். அதையே ஒரு மெயிலாப் போட்டுடுங்க."

"எதுக்குய்யா மெயில்? வாயால சொன்னா போதாதா?"

அந்த மெயில் இன்னும் வரவில்லை. நான் குவெரி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான்: யார் எதைச் சொன்னாலும் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதித் தரமாட்டார்கள். அங்கேயே அவர்களைத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து, கேட்ட உடனே உண்மையை எழுதி, டாக்டர் பட்டத்தோடு போடச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பேராசிரியர்தான். அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் யோக்கியர்.