பாய்லரில் எரிந்த மாமரங்கள்

அவளுக்கு ஜன்னலோர மேசை கிடைத்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அது எனக்கு வந்திருக்க வேண்டிய மேசை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஆலை எங்களுடையது. துணியை வெளுக்க நீராவி வேண்டும். அதற்கு பாய்லர் எரிய வேண்டும். நானும் அவளும் ஆய்வகத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் கல்லூரி முதலிடம். அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஆசிரியர்கள். அவள் ஆங்கிலம் பேசும்போது யோசிப்பதே இல்லை. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பருவநிலையைக் கெடுக்காத ஆலைகளிடம் மட்டும்தான் இனி வாங்குவார்களாம். சுற்றுச்சூழல் அதிகாரி என்று புது வேலை ஒன்று உண்டாக்கி, எங்கள் இருவரில் ஒருவருக்குத் தருவதாக மேலாளர் சொன்னார். பாய்லரில் எரிவது என்ன என்று எங்களை எழுதச் சொன்னார். நான் 'மாமரக் கட்டை' என்று எழுதினேன். அவள் 'பண்ணைக் கழிவு' என்று எழுதினாள்.

"ஏம்மா, கட்டைன்னா கட்டைன்னே எழுதிருவியா? அவிய ஆர்டர் தராமப் போயிட்டா ஒங்க அப்பாவா தருவாரு?" என்றார் மேலாளர்.

என் அப்பா வத்திராயிருப்பில் மாந்தோப்புக் காவல்காரர். பூக்கிற நேரத்தில் மழை, பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் தாங்காத வெயில் என்று பருவம் தவறிக்கொண்டே போனதில், தோப்புக்காரர்கள் வெறுத்துப்போய் மரங்களை விற்றார்கள். அப்பா காத்த தோப்பும் போனது. வெட்டுவாயில் பால் காயுமுன்னே அவை லாரியில் எங்கள் ஆலைக்கு வந்து இறங்கின.

விருந்தாளிகள் வந்த அன்று விறகுக் குவியலின் மேல் கடலைத்தோலும் தேங்காய் மட்டையும் பரப்பினார்கள். யார் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் முன்பக்கம் மட்டுமே பரப்பியிருந்தார்கள். வந்த அம்மாள் நேராகப் பின்பக்கம் நடந்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் நான்தான் நின்றேன். அன்றைக்கு நான் எதையும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

"மாமரம். உயிரோடு நின்ற மரம்."

மேலாளர் முகம் செத்துப்போனது. அவள் சிரித்தபடி முன்னால் வந்தாள். காய்ப்பு நின்ற மரங்கள் என்றாள். விவசாயிக்கு வருமானம் என்றாள். வெட்டிய இடத்திலெல்லாம் ஆலையே புதுக் கன்று வைக்கிறது என்றாள். அந்த அம்மாள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பொய்யைக் கேட்டும், எனக்கு இப்படிப் பேச வரவில்லையே என்றுதான் முதலில் வயிறு எரிந்தது.

அன்று மாலை அவள் என் தோளைத் தட்டினாள். "ஏட்டி, நல்லவேளை நீ வாயத் தொறந்த. இல்லன்னா கன்னு யோசனையே எனக்கு வந்திருக்காது."

"எங்க வச்சிருக்க கன்னு?"

"பொறவு வச்சாப் போச்சு. எம்புட்டு நேரம் ஆகும்?"

மறுவாரம் அவள் அதிகாரி. ஜன்னலோர மேசையும் அவளுக்குத்தான். மேலாளர் என்னையும் கூப்பிட்டார். "ஒனக்குத் தமிழ் நல்லா வரும். பாய்லர் முன்னால மாட்ட ஒரு பலகைக்கு எழுதிக் குடு."

'இங்கே எரிவது வத்திராயிருப்பு மாமரங்கள். பதிலுக்குக் கன்று எதுவும் வைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒனக்கு அவ மேல பொறாம," என்றார்.

"ஆமா சார், பொறாமதான். எழுதுனதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க."

அவர் மறுபடியும் படித்தார். ஒரு எழுத்தையும் அடிக்காமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.